கொலையின் முதல் எழுத்து

அலுவலகத்தில் அவளுக்கு வைத்திருந்த பட்டப்பெயர் பூதக்கண்ணாடி. முகத்துக்கு நேராக யாரும் சொன்னதில்லை, ஆனால் அவளுக்குத் தெரியும். கணக்குப் பிரிவுப் பெண் ஒருத்தி காபி மெஷின் பக்கத்தில் நின்றுகொண்டு, "பூதக்கண்ணாடி இன்னும் ஓகே சொல்லலையாம்" என்று போனில் சொல்லிக்கொண்டிருந்தபோது, இவள் அவளுக்கு நேர் பின்னால்தான் நின்றிருந்தாள். "அந்தச் சக்கரை டப்பாவ இப்படித் தள்ளுங்க" என்று மட்டும் சொன்னாள். அந்தப் பெண் அன்று முழுக்க அவள் கண்ணில் படவே இல்லை.

தமிழ்க் கதைகளை இணையத்தில் வெளியிடும் பதிப்பகம் அது. பழைய நாவல்கள், வாரா வாரம் புது அத்தியாயம் வரும் தொடர்கதைகள், மாதச் சந்தா. அவள் முதலில் சேர்ந்தது வாசகர் சேவையில். போன் அடித்தால் எடுத்து, திட்டு வாங்கி, மன்னிப்புக் கேட்கிற வேலை. வருகிற புகார்களில் பாதிக்கு மேல் கதையைப் பற்றியதாகவே இருக்காது. எழுத்து உடைந்து தெரிகிறது, வரி பாதியில் தொங்குகிறது, தலைப்பு வெட்டுப்பட்டிருக்கிறது என்றுதான் வரும். எந்தப் போனில், எந்தப் பிரவுசரில் என்று கேட்டுக் கேட்டு அவளுக்கே அந்த வியாதி முழுக்கப் பிடிபட்டுவிட்டது. அதைப் பார்த்துத்தான் சோதனைப் பிரிவுக்கு மாற்றினார்கள். பிரிவு என்றால் அவள் ஒருத்திதான்.

வலைப்பக்கம் எழுதுகிறவர்களுக்கும் பிரவுசர் செய்கிறவர்களுக்கும் நடுவே ஓர் உடன்படிக்கை உண்டு. பக்கத்தில் இன்னது எழுதினால் திரையில் இன்னபடி தெரிய வேண்டும் என்று வரி வரியாக எழுதி வைத்திருக்கிறார்கள். வலைத்தரம் என்பது அதுதான். எல்லாரும் ஒத்துக்கொண்டதுதான், ஆனால் படிக்கும்போது ஆளுக்கொரு அர்த்தம் எடுத்துக்கொள்வார்கள். ஒவ்வொரு பிரவுசரும் புது ரிலீஸ் விடுவதற்குச் சில வாரம் முன்பே ஒரு சோதனைப் பதிப்பு வரும். அதை இறக்கி, அது தரத்தை எவ்வளவு தூரம் மதிக்கிறது, பதிப்பகத்தின் பக்கங்கள் அதில் தப்புமா என்று பார்த்து அறிக்கை கொடுப்பது அவள் வேலை.

அந்த முறை வரவிருந்த ரிலீஸைப் பற்றி வாரக் கூட்டத்தில் மேனேஜர் அம்மா ஏகப்பட்ட உற்சாகத்தோடு பேசினார். பிரவுசர் கம்பெனிகள் எல்லாம் சேர்ந்து வைத்திருக்கும் பொதுச் சோதனைத் தொகுப்பு ஒன்று உண்டு. ஆயிரக்கணக்கான சின்னச் சின்னச் சோதனைகள், கடைசியில் ஒரு மதிப்பெண்.

"தொண்ணூத்தெட்டு!" என்றார் மேனேஜர், தன் பிள்ளை வாங்கின மார்க் மாதிரி. "முதலெழுத்தப் பெருசாக்குற வசதிய அவங்களே தரத்துப்படி கொண்டுவந்துட்டாங்க. இனிமே நம்ம ஒட்டுவேலை எதுக்கு? எடுத்துடலாம். பக்கமும் வேகமா வரும்."

அச்சுப் புத்தகங்களில் அத்தியாயத்தின் முதல் எழுத்து பெரிதாக, மூன்று வரி உயரத்துக்கு நிற்குமே, அதே போல் இணையத்திலும் வேண்டும் என்பது முதலாளியின் ஆசை. பிரவுசர்கள் அதை ஒழுங்காகச் செய்யாததால், புரோகிராமர் ஒரு ஒட்டு போட்டிருந்தார். அது ஒவ்வொரு அத்தியாயத்திலும் முதல் எழுத்தைக் கத்தரித்து எடுத்துத் தனியாகப் பெரிதாக்கும். பழைய போன்களில் பக்கம் திறப்பதற்குள் கொட்டாவி வந்துவிடும். வாசகர்கள் பொறுமையிழந்து போவதாக முதலாளி மேனேஜரைக் குடைந்துகொண்டிருந்தார். அதனால் மேனேஜரையும் ஒரேயடியாகக் குற்றம் சொல்ல முடியாது.

"வெள்ளிக்கிழமைக்குள்ள பாத்துச் சொல்லிடு" என்றார்.

அவள் சோதனைப் பக்கங்களைத் திறந்து உட்கார்ந்தாள். அ பெரிதாக, அழகாக நின்றது. மழை என்று தொடங்கும் பத்தியில் ம கம்பீரமாக நின்றது. கி, கூ, கே எல்லாம் சரி. அடடா, இந்த முறை நிஜமாகவே செய்துவிட்டார்களே என்று நினைத்த நேரத்தில் கொ வந்தது.

க மட்டும் பெரிதாகப் போய்விட்டது. அதன் கொம்பையும் காலையும் பிரவுசர் கழற்றி, பக்கத்துச் சின்ன வரியில் விட்டிருந்தது. நடுவில் எழுத்து இல்லாத குறையை மறைக்க அங்கே புள்ளி புள்ளியாக ஒரு வட்டம். அந்த வட்டத்துக்கு முன்னால் கொம்பு, பின்னால் கால். போ, சொ, தோ, நோ, கௌ, முன்னும் பின்னும் குறி வாங்குகிற எழுத்து எதைப் போட்டாலும் இதே கதி.

"இங்க கொஞ்சம் வாங்களேன்" என்று புரோகிராமரைக் கூப்பிட்டாள். அவர் இரண்டு மேஜை தள்ளி உட்காருபவர். தாடியைச் சொறிந்துகொண்டே வந்து திரையைப் பார்த்தார்.

"அய்யய்யோ. கொம்பு தனியா, கால் தனியாவா?"

"தரத்துல தெளிவா இருக்கு. படிக்கிறவங்களுக்கு எது ஒரு எழுத்தோ அத முழுசா எடுக்கணும். இவங்க பாதிய வெட்டிட்டு மார்க் வாங்கியிருக்காங்க."

"பொதுச் சோதனையில இது இல்ல போலருக்கு. இருந்திருந்தா மாட்டியிருப்பாங்க."

மேனேஜர் அறைக்குப் போய்ப் படத்தைக் காட்டினாள். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"எல்லா எழுத்தும் இப்படியா?"

"இல்ல மேடம். ஒகரம், ஓகாரம், ஔகார வரிசைங்க மட்டும்."

"அப்ப அந்த மிச்ச ரெண்டு மார்க் இதுதானா? ரெண்டு சதவீதம்தானே!"

"மேடம், போ, சொல்லு, கொடு, தோல்வி, மோசம். தமிழ்ல ஒருத்தர் வாயத் திறந்தாலே வர்ற எழுத்து மேடம். அந்த ரெண்டு சதவீதத்துலயும் இது இல்ல. இத யாரும் சோதிக்கவே இல்ல."

"சரி, அவங்களுக்கு எழுதிப் போடு. ரிலீஸ் வர்றதுக்குள்ள சரி பண்ணிடுவாங்க."

எழுதிப் போட்டாள். பிரவுசர் கம்பெனியின் புகார்ப் பக்கத்தில், தரத்தின் எந்தப் பிரிவு, என்ன எதிர்பார்ப்பு, என்ன நடக்கிறது என்று அழகாக எழுதி, பதிப்பகத்தின் கதைகளிலிருந்தே படங்கள் எடுத்து இணைத்தாள். ஒரு பழைய நாவலின் முதல் வரி, 'கௌரவம் என்பது கடன் வாங்கிக் கட்டுகிற வேட்டி அல்ல' என்று தொடங்கும். அதையும் சேர்த்தாள். அதில் கெ மட்டும் பெரிதாகி, ள என்று ஏதோ பின்னால் தொங்கியது.

மறுநாள் காலையே பதில் வந்திருந்தது. இவ்வளவு சீக்கிரமா என்று ஆசையோடு திறந்தாள். யாரோ ஒரு பொறியாளர் இரண்டே வரி எழுதியிருந்தார். நீங்கள் அனுப்பிய உரையில் இருப்பது கௌ அல்ல, கெ, ள என்று இரண்டு தனி எழுத்துகள். பிரவுசர் சரியாகவே நடந்துகொள்கிறது, புகார் மூடப்பட்டது.

அவளுக்குக் காதெல்லாம் சூடேறியது. போய்ப் பார்த்தால் அந்த ஆள் சொன்னது உண்மை. ஔகாரக் குறியின் பின்பாதி பார்ப்பதற்கு ளகரம் போலவே இருக்கும். பழைய நாவலைக் கணினியில் ஏற்றியவர் யாரோ, கெ அடித்துப் பக்கத்தில் ள அடித்து வேலையை முடித்திருக்கிறார். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. பூதக்கண்ணாடிக்கே தெரியவில்லை. கௌரவம் என்று ஒழுங்காக அடிக்காததால் அவள் கௌரவம்தான் போனது.

சரி, தப்பு தன் பக்கம் ஒன்று. மற்ற படங்கள் எல்லாம் நிஜமான எழுத்துகள்தானே? அந்த ஆள் அவற்றைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. அவள் மன்னிப்புக் கேட்டு, அந்த ஒரு படத்தை விட்டுவிட்டு மற்றவற்றைப் பாருங்கள் என்று அதே இடத்தில் எழுதினாள். மூடிய புகார்களை யாரும் கவனிப்பதில்லை, புதிதாகத் தொடங்கவும் என்று இயந்திரம் பதில் அனுப்பியது. புதிதாகத் தொடங்கினாள். சாயங்காலம் வேறு யாரோ வந்து, இது ஏற்கெனவே உள்ள புகாரின் நகல் என்று சொல்லி அதையும் மூடிவிட்டுப் போனார். எந்தப் புகாரின் நகல் என்று பார்த்தால், காலையில் மூடின அதே புகார்.

"மூடின கதவுக்குப் போன்னு இன்னொரு கதவையும் மூடுறாங்க" என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். புரோகிராமர் சிரித்துவிட்டு, அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

அவர்கள் வீடு நாலாவது மாடியில். கணவர் லிஃப்ட் மெக்கானிக். ஆனால் அந்தக் கட்டடத்து லிஃப்ட் வேறொரு கம்பெனியின் பொறுப்பு என்பதால், அது நின்றுபோனால் அவரும் மற்றவர்கள் மாதிரி படியேற வேண்டியதுதான். அன்றும் நின்றிருந்தது. மூச்சு வாங்க வீட்டுக்குள் வந்தவள், துவைத்துக் காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டே நடந்ததையெல்லாம் கொட்டினாள். ஒவ்வொரு சட்டையும் அடி வாங்கின மாதிரி மடிந்தது.

"தப்பு பண்ணினவன் அந்தக் கம்பெனிக்காரன். நீ ஏன் இப்படி எகிறுற?" என்றார் அவர்.

"உங்க லிஃப்ட் மூணாவது மாடியில மட்டும் நிக்காம போச்சுன்னா, ரெண்டு சதவீதம்தான்னு விட்டுடுவீங்களா?"

அவர் யோசித்தார். "மூணாவது மாடியில யாரு குடியிருக்காங்கங்கறதப் பொறுத்து" என்றார்.

சிரிக்கக் கூடாது என்று இருந்தும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. வந்ததும் இன்னும் எரிச்சலாகிவிட்டது. ஏனென்றால் அதுதான் உண்மை.

வெள்ளிக்கிழமை அறிக்கையில், 'ஒட்டை எடுக்க வேண்டாம்' என்று முதல் வரியிலேயே எழுதினாள். மேனேஜர் படித்தார். முதலாளியிடம் ஏற்கெனவே சொல்லியாயிற்று, பக்கம் வேகமாகப் போகிறது என்று அவர் நாலு பேரிடம் பெருமையடித்தும் விட்டார், இப்போது எப்படித் திரும்பிப் போவது என்று கேட்டார். கேள்வி மாதிரி இருந்தாலும் அது பதில்தான். ரிலீஸ் வருகிற அன்றே ஒட்டை நீக்குவது என்று முடிவாயிற்று.

சில வாரம் கழித்து ரிலீஸ் பொதுமக்கள் கைக்குப் போனது, இங்கே ஒட்டும் நீங்கியது. பிரவுசர்கள் இரவோடு இரவாகத் தாங்களே புதுப்பித்துக்கொள்பவை, யாரையும் கேட்பதில்லை. முதல் போன் வாசகர் சேவைக்கு வரவில்லை. அவளுக்கே வந்தது, நாத்தனாரிடமிருந்து.

கணவரின் தங்கை ஆஸ்பத்திரியில் நர்ஸ். வேலை மாற்றலாகி வந்ததிலிருந்து அவர்களோடுதான் இருந்தாள். வாய் நீளம், மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ள மாட்டாள். வாரா வாரம் வரும் துப்பறியும் தொடர் ஒன்றுக்கு அவள் அடிமை.

"அண்ணி, கேன்டீன்ல உக்காந்து ஆசையா தொறந்தேன். கொலையக் காணோம்."

"என்னடி சொல்ற?"

"இந்த வாரம் 'கொலை நடந்த அறையில்'னு ஆரம்பிக்குது. இங்க பெருசா ஒரு க நிக்குது. பக்கத்துல ஒரு கொம்பு, புள்ளி வச்ச வட்டம், ஒரு கால். ஏதோ ஆக்சிடென்ட் கேஸ் மாதிரி இருக்கு அண்ணி. நானும் எலும்பு சேத்து வச்சுப் படிக்கப் பாத்தேன், முடியல."

அவள் போனை வைப்பதற்குள் மேஜைப் போன் அடித்தது. அதற்கப்புறம் நிற்கவே இல்லை. வாசகர் சேவையில் இருந்த இரண்டு பேரும் திணறிப் போய், பழைய ஆள் என்று அழைப்புகளை அவளுக்கே தள்ளிவிட்டார்கள். கடைசியில் அந்தத் தொடரை எழுதுகிற எழுத்தாளரே கூப்பிட்டார்.

"அம்மா, நான் எழுதினது கொலை. எனக்குத் தெரிஞ்சவர் ஒருத்தர் போன் பண்ணி, 'என்ன சார், கலை நடந்த அறைன்னு ஆரம்பிச்சிருக்கீங்க, டான்ஸ் கதையா'ங்கறார். ஆறு மாசமா அந்தக் கொலைக்குத் தயார் பண்ணியிருக்கேன்மா!"

"மன்னிச்சிடுங்க சார். பிரவுசர் மாறினதால..."

"பிரவுசர் யாரு? அவரக் கூப்பிடுங்க, நான் பேசிக்கிறேன்."

பிரவுசர் என்பது ஆள் இல்லை என்று விளக்கி முடிப்பதற்குள் அவளுக்குத் தொண்டை வற்றிவிட்டது. மத்தியானத்துக்குள் புரோகிராமர் பழைய ஒட்டைத் திரும்பப் போட்டார். கொலை மறுபடி கொலையாயிற்று. பக்கம் மறுபடி மெதுவாயிற்று.

அதற்கப்புறம் மேனேஜர் அவளைக் கூப்பிட்டார். ஒரு வருத்தமாவது தெரிவிப்பார் என்று நினைத்துப் போனாள்.

"நீ இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருக்கணும்" என்றார் அவர்.

அறிக்கையின் முதல் வரி அவள் நாக்கு நுனி வரை வந்தது. வாயைத் திறந்தால் எங்கே போய் நிற்கும் என்று தெரியாததால், "சரி மேடம்" என்று வெளியே வந்தாள். மாடிப்படியில் போய், ஜன்னலுக்கு வெளியே யாரோ சைக்கிளுக்குக் காற்றடிப்பதைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். அழுகை வரும் போலிருந்தது, வரவில்லை. கோபம்தான் அதற்கும் வழிவிடாமல் நின்றது.

இடத்துக்குத் திரும்பி மூன்றாவது முறையாகப் புகார் எழுதினாள். இந்த முறை கதை கிடையாது, நாவல் கிடையாது. ஒரே ஓர் எழுத்து, கொ. ஒரு படம். தரத்தில் அதற்கான வரி. அவ்வளவுதான்.

வேறொரு பொறியாளர் பதில் எழுதினார். ஒரு பெண். தன் தாய்மொழியிலும் இப்படிச் சுற்றி வரும் குறிகள் உண்டு, பிரச்சினை புரிகிறது என்று சொல்லிவிட்டு, உண்மையையும் சொன்னார். பொதுச் சோதனைத் தொகுப்பில் இதற்குச் சோதனை இல்லாதவரை, இங்கே யாரும் இதற்கு நேரம் ஒதுக்க மாட்டார்கள். நீங்களே ஒன்று எழுதிச் சேர்க்க முடியுமா?

"நானா?" என்று திரையைப் பார்த்தே கேட்டாள். அவளுக்குச் சோதித்துப் பார்க்கத் தெரியும், ஊர் உலகத்துக்கெல்லாம் சோதனை எழுதத் தெரியாது. புரோகிராமர் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார். அவருக்கும் பாதிதான் தெரியும். மிச்சத்தை இரண்டு பேரும் தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொண்டார்கள்.

எழுதி அனுப்பினால், அதைப் பரிசீலிக்கிறவர்கள் திருப்பி அனுப்பினார்கள். கோப்பின் பெயர் விதிப்படி இல்லை என்றார் ஒருவர். எழுத்துரு எல்லாக் கணினியிலும் இருக்காதே என்றார் இன்னொருவர். மூன்றாமவர், இது நிஜமாகவே ஒரே எழுத்துதானா என்று கேட்டிருந்தார். 'எங்கள் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளைக் கேளுங்கள்' என்று அடித்தாள். அதைப் படித்துப் பார்த்து, அழித்து, தரத்தின் பிரிவு எண்ணையும் விதியையும் மட்டும் மரியாதையாக எழுதி அனுப்பினாள். அந்தப் பதிலை எழுத அவளுக்கு ஒரு முழு மத்தியானம் ஆயிற்று, அதில் பெரும் பகுதி கையைக் கட்டுப்படுத்துவதிலேயே போயிற்று.

ஒருவழியாகச் சேர்த்துக்கொண்டார்கள். ஸ்ரீயையும் சேர்க்கப் பார்த்தாள். அது கணினி கணக்குப்படி இரண்டு துண்டு, சேர்த்தே எடுப்பது நல்லது என்றுதான் தரத்தில் இருக்கிறது, எடுக்க வேண்டும் என்று இல்லை என்றார்கள். நல்லதுக்கும் வேண்டும் என்பதற்கும் நடுவே ஸ்ரீ இன்னும் நின்றுகொண்டிருக்கிறது.

அடுத்த வாரம் மேனேஜர் பதறிக்கொண்டு அவள் மேஜைக்கே வந்தார்.

"என்ன இது, அந்தப் பிரவுசரோட மார்க் குறைஞ்சிருக்கு? முதலாளி கேக்குறார். புதுசா ஏதாவது கெட்டுப்போச்சா?"

"ஒண்ணும் கெடல மேடம். அது அப்படியேதான் இருக்கு. கேள்வித்தாள்ல ஒரு கேள்வி கூடியிருக்கு."

"யாரு சேத்தா?"

"நான்தான்."

மேனேஜர் அவளை மேலும் கீழும் பார்த்தார். "நல்லா இருந்த மார்க்க ஏன்மா குறைச்ச?" என்றார். கேலி இல்லை, நிஜமாகவே வருத்தப்பட்டார். அவளுக்குச் சிரிப்பதா முட்டிக்கொள்வதா என்று தெரியவில்லை. புரோகிராமர் மட்டும் தன் திரைக்குப் பின்னால் குனிந்து தோள் குலுங்கிக்கொண்டிருந்தார்.

மார்க் குறைந்ததுதான் வேலை செய்தது. தொண்ணூற்றெட்டில் யாரும் கண்டுகொள்ளாத குறை, எண் கீழே இறங்கியதும் அந்தக் கம்பெனியில் எல்லார் கண்ணிலும் பட்டுவிட்டது. இரண்டு ரிலீஸ் தாண்டி வந்த சோதனைப் பதிப்பில் கொ முழுசாக, கொம்பும் காலுமாக நின்றது. போ நின்றது. கௌரவமும், ஒழுங்காக அடித்த இடத்தில், நின்றது.

"அப்ப ஒட்ட எடுத்துடவா?" என்று புரோகிராமர் கேட்டார்.

அவள் வாசகர்களின் விவரப் பக்கத்தைத் திறந்து பார்த்தாள். பாதிப் பேர் கையில் இருந்தவை இனிமேல் புது ரிலீஸே ஏறாத பழைய போன்கள். அவற்றில் கொ என்றைக்கும் உடைந்துதான் இருக்கும்.

"வேணாம்" என்றாள். சொல்லிக்கொண்டே விவரப் பக்கத்தை மூடினாள். "இருக்கட்டும். அவங்கெல்லாம் போன மாத்துற வரைக்கும் இருக்கட்டும்."

"அப்ப நீங்க இவ்வளவு பாடுபட்டது நம்ம சைட்லயே தெரியாதா?"

"தெரியாது."

அன்று வேலை முடிந்து வீட்டுக்கு வந்தபோது நாத்தனார் வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். அண்ணன் சொல்லியிருக்கிறார் போலிருக்கிறது. "சரி பண்ணிட்டாங்களாமே! காட்டுங்க அண்ணி, எங்க, காட்டுங்க."

அவள் மடிக்கணினியைத் திறந்து தன் சோதனைப் பக்கத்தைக் காட்டினாள். வெள்ளைத் திரையில் ஒரு பத்தி. அதன் தலையில் பெரிதாக கொ.

நாத்தனார் குனிந்து பார்த்தாள். தலையைச் சாய்த்துப் பார்த்தாள். ஏமாற்றமாக நிமிர்ந்தாள்.

"இதுல என்ன அண்ணி இருக்கு? இது எப்பவும் இப்படித்தானே இருக்கும்?"

அவள் மடிக்கணினியை மூடி வைத்தாள்.

"ஆமா" என்றாள். "தட்டெல்லாம் எடுத்து வை. உங்கண்ணன் படியேறி வந்துட்டிருக்கார்."